முதிய நாய்க்கு ஒரு வீடு

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி



நாய்க்குட்டி வேண்டுமா என்று கேட்டால் நம் வகுப்பில் கை உயர்த்தாதவர் ஓரிருவரே இருப்பர். பத்து வயது நாய் வேண்டுமா என்று கேட்டால்? 2025-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் அப்பா இதைத்தான் கேட்டார். ஒருவரும் கை உயர்த்தவில்லை. ஆனால் அப்பா கேட்டுக்கொண்டிருந்தபோதே அந்த நாய் வாசலில் நின்ற வண்டிக்குள் வைக்கோல் மேல் படுத்திருந்தது. அதைப் பற்றியும், அதனால் நாங்கள் கற்க நேர்ந்தவை பற்றியும் இங்கே எழுதுகிறோம்.

எங்கள் ஊர் ஸ்ரீமுஷ்ணம். பூவராகப் பெருமாள் கோயிலை அறியாதவர் இப்பகுதியில் இல்லை. அப்பாவுக்கு விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை ஒன்றில் வேலை. பியூஸ் கேரியர், அகல் விளக்கு, பொம்மை முதலியவற்றை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கி, மாதம் இருமுறை சென்னைக்கு வண்டியில் கொண்டுபோய் இறக்குவார். திரும்பும்போது வண்டியில் வைக்கோல் மட்டுமே இருக்கும். எங்கள் பழைய நாய் மணி இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. குட்டி வாங்கலாம் என்று நாங்கள் நச்சரித்துக்கொண்டிருந்தோம். குட்டி என்றால் செருப்பைக் கடிக்கும், இரவெல்லாம் அழும் என்று ஆயா மறுத்துவந்தார். அப்பா இரு தரப்புக்கும் பொதுவாக ஒரு வழி கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டார். சென்னையில் சரக்கை இறக்கியபின் ஒரு பிராணிகள் காப்பகத்துக்குச் சென்று, ஒரு பெட்டை நாயை அழைத்து வந்துவிட்டார்.

பழுப்பு நிற நாட்டு நாய். முகவாய் முழுதும் நரை. "ஏண்டாப்பா, கெழவி ஒருத்தி வீட்ல இருக்கறது போதாதா? இன்னொன்னு வேணுமா?" என்றார் ஆயா. காப்பகத்தார் வைத்த பெயர் பிரவுனி. ஆயாவின் வாயில் அது பவுனு என்று ஆயிற்று. பெயரை மாற்றலாமா, பழைய பெயரே இருக்கட்டுமா என்று நாங்கள் இரண்டு நாள் வாதிட்டோம். அந்த வாதம் எவ்வளவு வீண் என்பது பிறகுதான் தெரிந்தது.

காப்பகம் என்பது என்ன? உரிமையாளர் இல்லாத, நோயுற்ற, அடிபட்ட, கைவிடப்பட்ட பிராணிகளை வைத்துப் பேணும் இடம். லண்டனில் 1860-ஆம் ஆண்டு மேரி டீல்பி என்ற அம்மையார் தெருவில் திரிந்த நாய்களுக்காக ஓர் இல்லம் தொடங்கியபோது பத்திரிகைகள் அவரைக் கேலி செய்தன. பின்னர் பேட்டர்சீ என்ற பகுதிக்கு மாறிய அவ்வில்லம் இன்றும் நடக்கிறது. நம் மாநிலத்தில் இதற்கு வித்திட்டவர்கள் ஒரு விமானித் தம்பதியர். 1959-இல் சென்னையில் பெய்த பெருமழையில், வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைக் கேப்டன் வி. சுந்தரம் மீட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவருடைய துணைவியார் உஷா சுந்தரம் நம் நாட்டின் முன்னோடிப் பெண் விமானிகளுள் ஒருவர். (விமானம் ஓட்டிய ஒரு பெண்மணி நாய்க்குட்டிக்குப் பாலூற்றியதை நினைக்க எங்களுக்கு மிகவும் பிடிக்கிறது.) அவ்வீட்டிலிருந்து வளர்ந்ததே 'புளூ கிராஸ் ஆஃப் இந்தியா' என்னும் அமைப்பு. அக்காலத்தில் மாநகராட்சி தெரு நாய்களைப் பிடித்துக் கொன்று வந்தது. கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம் என்று 1964-இல் புளூ கிராஸ் செய்து காட்டத் தொடங்கியது. சென்னை மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது 1996-இல். இடையே 32 ஆண்டுகள்! 2001-இல் இந்திய அரசு இம்முறையை விதியாக்கியது. அதற்குப் பதிலாக 2023-இல் புதிய விதிகள் வந்தன. தெருவில் காதின் ஓரத்தில் சிறு வெட்டுள்ள நாயைக் கண்டால், அது கருத்தடை செய்யப்பட்டது என்று நாம் அறிந்துகொள்ளலாம்.

இனி, காப்பகத்தில் முதிய நாய் எப்படிச் சேருகிறது? பெரும்பாலும் தெருவிலிருந்து அல்ல, வீட்டிலிருந்துதான். வீட்டுக்காரர் இறந்துவிடுவார், அல்லது வாடகை வீடு மாறுவார்கள், புது வீட்டில் நாய் கூடாது என்பார்கள், அல்லது நாய்க்கு நோய் வரும், செலவு கூடும். எங்கள் பவுனுவை யாரோ ஓர் இரவில் காப்பகத்துக் கதவருகே கழுத்துப்பட்டையுடன் கட்டிவிட்டுப் போனார்களாம். பட்டை நல்ல தோல் பட்டை. அதை வாங்கிக் கட்டியவர் ஒரு காலத்தில் அன்பாகத்தான் வளர்த்திருக்க வேண்டும்.

பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். இச்சட்டம் வரக் காரணமாக இருந்தவர் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அவர்கள். மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது அவர் கொண்டுவந்த மசோதாவே இதற்கு அடிப்படை. 1962-இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவர். ஆனால் இச்சட்டத்தில் முதல் முறை குற்றத்துக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. 1960-இல் ஐம்பது ரூபாய் பெரிய தொகை. இன்று எங்கள் ஊர்க் கடையில் நாய்க்குக் கழுத்துப்பட்டை கூட அவ்விலைக்குக் கிடைப்பதில்லை.

2025-ஆம் ஆண்டு இது பற்றி உச்ச நீதிமன்றத்திலும் பேச்சு நடந்தது. கருத்தடையும் தடுப்பூசியும் செய்த தெரு நாய்களை அவை இருந்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் உள்ளவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக் கூடாது என்று 2025 ஆகஸ்டு 22-இல் நீதிமன்றம் கூறியது. விரும்புவோர் மாநகராட்சியிடம் விண்ணப்பித்து நாய்களைத் தத்தெடுக்கலாம், ஆனால் மீண்டும் தெருவில் விடக் கூடாது என்றும் அதே உத்தரவில் உள்ளது. நவம்பர் 7-இல், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் உள்ள நாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் வைக்க வேண்டும், திரும்ப அங்கே விடக் கூடாது என்று உத்தரவிட்டது. நாய்க்கடியால் குழந்தைகள் துன்புறுவதை நாளும் கேள்விப்படும் நாம் இதைக் குறை கூற முடியாது. ஆனால் காப்பகங்கள் நிரம்பும்போது முதலில் இடம் இல்லாமல் போவது முதிய நாய்களுக்குத்தான். பார்க்க வருபவர்கள் நேரே குட்டிகள் இருக்கும் கூண்டுக்குப் போகிறார்கள். பெரிய நாய்களில் ஒன்றைக் கேட்பவர்களும் கடுவனைத்தான் கேட்பார்கள். வயதான பெட்டை நாயைக் கேட்டு வந்தவர் அப்பா ஒருவரே என்று காப்பகத்தில் சொன்னார்களாம். ஆயாவைச் சமாதானப்படுத்தவே அப்பா அப்படிக் கேட்டார் என்பது அவர்களுக்குத் தெரியாது.

கேட்டவுடன் கொடுத்துவிடவும் இல்லை. ஆதார் நகல் வாங்கினார்கள். வீடு சொந்தமா, சுற்றுச்சுவர் உண்டா, நாயைக் கட்டிப்போடுவீர்களா, முன்பு வளர்த்த நாய் என்னவாயிற்று, வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா என்று வரிசையாகக் கேட்டார்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் அப்பா உண்மை சொல்லவில்லை! வளர்க்க முடியாவிட்டால் வேறு யாருக்கும் கொடுக்காமல் காப்பகத்துக்கே திருப்பித் தருவதாக எழுதி வாங்கிக்கொண்டார்கள். வெறிநோய்த் தடுப்பூசி போட்ட அட்டையும், நாயின் குணங்களை எழுதிய ஒரு தாளும் கொடுத்தார்கள். அந்தத் தாளை அப்பா நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு அது அலமாரிக்குப் போயிற்று. அதை எங்களில் ஒருவரும் படிக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாயின் வயதை எப்படி அறிவது? நாய்க்குட்டிக்கு 28 பாற்பற்கள். ஏழு மாதத்துக்குள் அவை விழுந்து 42 நிலைப்பற்கள் முளைத்துவிடும். (நமக்கு 32 தான்.) அதுவரை பல்லைப் பார்த்து வயதைச் சொல்லிவிடலாம். அதன்பின் பல் தேய்வு, காறை, நரை, கண் இவற்றைக் கொண்டு ஏறக்குறையத்தான் சொல்ல முடியும். பவுனுவுக்கு ஒன்பது முதல் பதினொன்று வரை இருக்கலாம் என்றார் கால்நடை மருத்துவர். நாயின் ஓராண்டு மனிதரின் ஏழாண்டு என்று பலரும் கூறுவது சரியான கணக்கன்று. ஒரு வயது நாய் ஏறக்குறைய நம் வயதுப் பிள்ளையைப் போல வளர்ந்துவிடுகிறது. அதன்பின் வேகம் குறைகிறது. சிறிய நாய்கள் நெடுநாள் வாழும். மிகப் பெரிய இனங்கள் விரைவில் மூப்படையும். நடுத்தர அளவுள்ள பத்து வயது நாயை அறுபதை ஒட்டிய மனிதருக்கு ஒப்பிடலாம்.

அதன் கண்ணில் நீலப் புகை போன்று ஒன்று தெரிந்தது. பொரை விழுந்துவிட்டது என்று நாங்கள் வருந்தினோம். அப்படி இல்லையாம். வயதாகும்போது கண்ணின் வில்லை கெட்டிப்படுவதால் இந்நிறம் வருகிறது. பார்வை பெரிதும் குறைவதில்லை. பொரை என்றால் வெள்ளையாக இருக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்ல மருத்துவரால்தான் முடியும்.

முதல் மூன்று நாளும் பவுனு சரியாகச் சாப்பிடவில்லை. கிணற்றடியில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. புது இடத்துக்கு வந்த நாய்க்கு அச்சம் தெளிய மூன்று நாள், வீட்டு ஒழுங்கு பழக மூன்று வாரம், இது நம் வீடு என்று நம்ப மூன்று மாதம் ஆகும் என்று காப்பகங்களில் ஒரு கணக்குச் சொல்வர். விடுதியில் சேர்ந்த புதிதில் அழும் நம் தோழியரைப் பார்த்தால் இக்கணக்கு நாய்க்கு மட்டும் உரியதன்று என்று தோன்றும். ஆனால் குட்டியிடம் காணாத ஒன்றை அதனிடம் முதல் நாளே கண்டோம். சிறுநீர் கழிக்க அதுவாகவே தோட்டத்துக்குப் போயிற்று. செருப்பைத் தொடவில்லை. இரவில் அழவும் இல்லை. ஆயா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவருடைய தட்டிலிருந்த இட்லியில் ஒன்று குறைந்ததை அம்மா பார்த்தார்.

தருமபுத்திரர் தம்முடன் வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வரமாட்டேன் என்று நின்ற கதையை அன்று இரவு ஆயா சொன்னார். தோபித்து நூலில் தோபியா நெடுவழி சென்றபோது அவனுடன் ஒரு நாயும் சென்றது என்பதை எங்கள் சிஸ்டர் வகுப்பில் சொல்லியிருக்கிறார். இரண்டு கதையிலும் அந்த நாய்க்கு வயது என்ன என்று சொல்லப்படவில்லை.

மூன்றாவது வாரத்தில் அது நடந்தது. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் தம்பி வெளியே விளையாடிவிட்டு வந்து, திண்ணையில் உறங்கிக்கொண்டிருந்த பவுனுவைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தான். அது துள்ளித் திரும்பி அவன் மணிக்கட்டைக் கவ்விவிட்டது. இரண்டு பல் பதிந்து இரத்தம் வந்தது. உடனே விட்டுவிட்டு, நடுங்கிக்கொண்டு மூலையில் போய் ஒடுங்கியது.

அறிவியல் வகுப்பில் படித்தது அன்று கைகொடுத்தது. மஞ்சளும் வைக்கவில்லை, சுண்ணாம்பும் வைக்கவில்லை. குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவினோம். பின்னர் அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறது என்று அட்டையைக் காட்டினோம். அப்படியிருந்தாலும் கடிபட்டவருக்கு ஊசி போடத்தான் வேண்டும் என்றார்கள். இரத்தம் வந்திருந்ததால் காயத்தைச் சுற்றிலும் ஒரு மருந்தைச் செலுத்தினார்கள். அன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று தடுப்பூசி போட்டார்கள். வெறிநோய் முற்றி வெளிப்பட்டபின் மருந்து இல்லை. அதற்குமுன் ஊசி போட்டுக்கொண்டால் அஞ்ச வேண்டியதில்லை. 1885-இல் லூயி பாஸ்டர் இந்த வழியைத் திறந்தார். நம் குன்னூரில் உள்ள பாஸ்டர் நிலையம் 1907 முதல் இப்பணியைச் செய்துவருகிறது. கடித்த நாயையும் பத்து நாள் கவனிக்க வேண்டும். வெறிநோய் இருந்தால் அதற்குள் நாயிடம் தெரிந்துவிடும்.

அந்தப் பத்து நாளும் எங்கள் வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. பவுனு தோட்டத்தில் கட்டப்பட்டுக் கிடந்தது. அடுத்த சரக்கு வண்டியில் கொண்டுபோய்த் திருப்பி விட்டுவிடுவது என்று அம்மா முடிவாகச் சொல்லிவிட்டார். பெற்ற பிள்ளையின் கையில் இரத்தம் கண்ட அம்மாவை யார் குற்றம் சொல்ல முடியும்? திருப்பித் தரக் காப்பகத்தார் கொடுத்த தாள் தேவைப்பட்டது. அப்பா அதை அலமாரியிலிருந்து எடுத்து விரித்தார். நான்காவது வரியில் எழுதியிருந்தது: 'காது கேட்பது மிகக் குறைவு. உறங்கும்போது தொடக் கூடாது.'

அப்பா அதை இரண்டு முறை சத்தமாகப் படித்தார். பவுனுவா பிரவுனியா என்று நாங்கள் நடத்திய வாதமெல்லாம் நினைவுக்கு வந்தது. அது எங்களைத் திரும்பிப் பார்த்ததெல்லாம் நாங்கள் அதன் கண்ணில் பட்டபோது மட்டும்தான்.

"எனக்கும்தான் காது கேக்கல. பின்னால வந்து தொட்டா எனக்கும் தூக்கிவாரிப் போடுது. என்னை எங்க கொண்டு விடப்போறீங்க?" என்றார் ஆயா. அம்மா பதில் சொல்லவில்லை. அந்த வாரம் சரக்கு வண்டி சென்னைக்குப் போயிற்று; பவுனு போகவில்லை.

காது கேளாத நாயிடம் பழகுவது கடினமன்று என்று பிறகு கற்றோம். அருகில் போகுமுன் தரையைக் காலால் தட்ட வேண்டும். அதிர்வு அதற்குத் தெரிந்துவிடும். உறங்கும்போது தொடாமல் மூக்கின் அருகே கையைக் காட்டினால் மணத்தை அறிந்து தானாக விழிக்கும். கண்ணும் காதும் தளர்ந்த பின்னும் நாய்க்கு மூக்கு நெடுநாள் துணை செய்கிறது. குரலுக்குப் பதில் கைச்சாடை. உள்ளங்கையைக் கீழே தாழ்த்தினால் 'உட்கார்', தொடையைத் தட்டினால் 'வா'. முதிய நாய் புதிதாக ஒன்றும் கற்காது என்பது பொய். பவுனு இவ்விரண்டையும் ஒரு வாரத்தில் கற்றது. தம்பிக்குத்தான் தரையைத் தட்டும் வழக்கம் வர ஒரு மாதம் ஆயிற்று. தெருவுக்கு அதை அவிழ்த்துவிடக் கூடாது. பின்னால் வரும் வண்டி அதற்குத் தெரியாது.

உணவு பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். மீந்த சாம்பார்ச் சோறுதான் நாய்க்கு உணவு என்று நம் ஊரில் வழக்கம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கும் என்பது எங்களுக்கு அதுவரை தெரியாது. திராட்சையும் சாக்லேட்டும் கூட நஞ்சுதான். உப்பில்லாமல் வேகவைத்த கோழிக்கறி, சோறு, முட்டை, கொஞ்சம் பரங்கிக்காய் இவையே இப்போது அதன் சாப்பாடு. புது உணவை ஒரே நாளில் மாற்றாமல் ஒரு வாரம், பத்து நாளில் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். குளிர்காலத்தில் அதன் பின்னங்கால் மூட்டுகள் விறைத்துக்கொண்டன. ஆயா தம் மாத்திரையில் பாதியைக் கொடுக்கப் போனார்; நல்லவேளை, அம்மா தடுத்துவிட்டார். மனிதர் உண்ணும் வலி மாத்திரைகள் நாயின் உயிரையே போக்கிவிடும். பழைய கோணிப்பையை மடித்துப் போட்டுப் படுக்கை செய்தோம். திண்ணைப் படியில் அப்பா ஒரு பலகையைச் சாய்த்து வைத்தார். இப்போது ஆயாவும் அதன் வழியாகத்தான் ஏறுகிறார்.

பட்டறையில் சூளையிலிருந்து எடுத்தபோது மெருகு ஓரிடத்தில் சுருங்கிப்போனதால் கழித்து வைத்த ஒரு கனமான பீங்கான் கிண்ணத்தை அப்பா கொண்டுவந்தார். பவுனு அதில்தான் தண்ணீர் குடிக்கிறது. கவிழாது, கழுவுவதும் எளிது. முதிய நாய் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகமோ, சர்க்கரையோ என்று பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். தீபாவளிக்குப் பின் எடுத்த இரத்தச் சோதனையில் சிறுநீரகம் சற்றுத் தளர்ந்திருப்பது தெரிந்தது. எவ்வளவு நாள் இருக்கும் என்று அம்மாதான் கேட்டார். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு ஆண்டு இருக்கலாம், ஒன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். அன்று முதல், கிண்ணத்தில் எத்தனை டம்ளர் ஊற்றினோம், எவ்வளவு மீந்தது என்று அம்மா நாட்காட்டியில் பால் கணக்கின் பக்கத்திலேயே எழுதி வருகிறார். வழக்கமாக நாளொன்றுக்கு நான்கு டம்ளர். இந்த வாரம் செவ்வாய் நான்கரை, புதன் ஐந்து. சனிக்கிழமை எங்களுக்குக் கணிதத் திருப்புதல் தேர்வு. தேர்வு முடிந்து வந்ததும் நாங்களும் அம்மாவும் பவுனுவை மருத்துவரிடம் அழைத்துப் போகிறோம். நாட்காட்டியின் அந்தப் பக்கத்தைக் கிழிக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறார்.